சுழி போட ஒரு கட்டம்

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்து ஒரு தலைமுறை ஆகப்போகிறது. ஆனாலும் யாரும் ஒரு கடிதத்தைப் புதிதாக அடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. போன மாதம் அடித்த கடிதத்தைத் திறப்போம். பேரை மாற்றுவோம், தேதியை மாற்றுவோம், நடுவில் நாலு வரியை அழித்துவிட்டு வேறு நாலு வரி அடிப்போம். அந்தப் போன மாதக் கடிதமும் அதற்கு முந்தின ஒன்றின் மேல் அடித்ததுதான். எதற்கு எது அப்பன், எது பாட்டன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

நான் எப்சிபா. சங்கரன்கோவிலில் ஒரு கிறிஸ்தவப் பள்ளி அறக்கட்டளையின் தலைமை அலுவலகத்தில் எழுத்தர். இங்கே ஒரு பள்ளி, திருவேங்கடத்தில் ஒன்று, வாசுதேவநல்லூரில் ஒன்று. மூன்றையும் கட்டி எழுப்பிய தாளாளர் பிரபுதாஸ் ஐயா இறந்தபிறகு அவர் மனைவி ஞானபாக்கியம் அம்மா பொறுப்புக்கு வந்தார். ஐயாவின் நாற்காலியில் அம்மா உட்காரவில்லை. அதே மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஐயாவின் பேனாத் தாங்கி, கண்ணாடிக் கூடு, காய்ந்துபோன ஒயிட்னர் குப்பி எல்லாம் மேஜையில் அப்படியே இருந்தன. தூசி தட்டுகிறவர்கள் ஒவ்வொன்றையும் தூக்கித் தட்டி, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும்.

இப்படி இருக்கும்போது வாசுதேவநல்லூர்ப் பள்ளியின் எழுத்தர் சுகிர்தா ஆண்டு விழா அழைப்புக் கடிதம் ஒன்று அடித்தாள். எல்லோரையும் போலப் பழசைத் திறந்து அதன் மேலேயே அடித்தாள். ரொம்பப் பழசைத் திறந்துவிட்டாள். கீழே பிரபுதாஸ் ஐயாவின் பேரும் ஸ்கேன் பண்ணி வைத்திருந்த கையெழுத்தும் அப்படியே இருக்க, கடிதம் எல்லா வீடுகளுக்கும் போய்விட்டது. மறுநாள் ஒரு பெரியவர் பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறி வந்து ஐயாவைப் பார்க்க வேண்டும் என்றார். ஐயா காலமாகிவிட்டதாக யாரோ சொன்னதை நம்பி இத்தனை நாள் வருத்தப்பட்டாராம். கையெழுத்தைப் பார்த்ததும் வதந்தி என்று தெரிந்து கிளம்பி வந்தாராம்.

அம்மா அவருக்குக் காபி கொடுத்து, உண்மையைச் சொல்லி அனுப்பினார். பழத்தை வாங்கிக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இனி ஒரு தாளிலும் ஐயாவின் பேர் இப்படித் தப்பாக வரக் கூடாது, அதற்கு என்ன வழி என்று கேட்டார். அம்மா கோபப்பட்டிருந்தால் எனக்கு அத்தனை கஷ்டமாக இருந்திருக்காது. அந்தப் பை மேஜையின் ஓரத்திலேயே இருந்தது.

அந்த வழியாக எங்களுக்குக் கிடைத்தவர்தான் சிஹாபுதீன்.

சிஹாபுதீனின் வீடு எங்கள் பள்ளிக்குப் பின்னால், தறிச் சத்தம் கேட்கிற தெருவில் இருக்கிறது. மீசை முளைத்த புதிதில் சவுதியில் இருக்கிற தம்மாமுக்குப் போனவர், அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமெண்ட் கண்ட்ரோலர். கட்டடம் கட்டுவது மற்றவர்கள் வேலை. அந்தக் கட்டடம் சம்பந்தமான தாள்களைக் கட்டி மேய்ப்பது இவர் வேலை. எந்தக் கடிதம் எந்த அச்சில் போக வேண்டும், எது பழசு, எது புதுசு என்பதெல்லாம் இவர் கையில். லீவுக்கு வந்தவர், மகள் ஃபஹீமா எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதுவதைப் பார்த்து, கைக்குழந்தையாக விட்டுப்போன பிள்ளை தோளுயரம் வளர்ந்துவிட்டதே என்று தவித்துப்போய், இங்கேயே ஒரு வேலை கிடைத்தால் இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் நேராகவே சொல்லிவிட்டார். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் மூன்று பள்ளியின் கடிதங்களும் ஒரே அச்சில், ஒரே பேரில் வர வேண்டும். வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் மதுரைக் கம்பெனி ஒன்று ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறது, அவர்களிடம் கொடுத்துவிடுவேன் என்றார். தம்மாம் மேனேஜரோ ஜூன் வரைக்கும்தான் இவருடைய நாற்காலியைக் காலியாக வைத்திருப்பேன் என்று சொல்லியிருந்தாராம். இந்தப் பக்கம் நாற்காலி இன்னும் போடவில்லை, அந்தப் பக்கம் நாற்காலியை எடுக்கப்போகிறார்கள். மனுஷன் நின்றுகொண்டே வேலையை ஆரம்பித்தார்.

முதலில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் தம்மாமில் இப்படி, தம்மாமில் அப்படி. தாளுக்குத் தாள் திருத்த எண் போட வேண்டும் என்பார். ஏ, பி, சி என்று எழுத்து இருக்கிறவரை அது வரைவு. ஒப்புதல் கிடைத்துப் பூஜ்யம் விழுந்துவிட்டால் அதுதான் முடிவான தாள், அப்புறம் கை வைக்கக் கூடாது. இது அவருக்கு வேதவாக்கு. அவர் மனைவி ரூபியா பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது, வீட்டு அஞ்சறைப் பெட்டியில்கூட 'மல்லித்தூள், திருத்தம் பி' என்று சீட்டு ஒட்டி வைத்திருப்பதாகச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே சொன்னவள், போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எல்லாத்துலயும் சீட்டு ஒட்டிட்டாரு அக்கா. கட்டிலுக்கு அடியில கெடக்குத அந்தப் பெரிய பெட்டியில மட்டும் ஒட்டல. ஏர்போர்ட்ல கட்டுன வாரு இன்னும் அதுல தொங்குது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜூனுக்கு எத்தனை நாள் இருக்குன்னு எண்ணிக்கிடுதேன்."

ஒவ்வொரு லீவுக்கும் அந்தப் பெட்டி பாதிதான் காலியாகுமாம். மீதியை எடுத்து வைப்பதற்குள் திரும்பக் கட்ட வேண்டி வந்துவிடும். இந்தத் தடவை ஜூனில் அது கட்டப்படுமா, படாதா என்பது எங்கள் ஆபீஸ் கடிதங்களின் தலையில் இருந்தது.

சிஹாபுதீன் செய்த வேலையை எனக்குப் புரிந்த மாதிரி சொல்லுகிறேன். மாற்றுச் சான்றிதழோடு வைக்கிற கடிதம், நன்னடத்தைச் சான்று, பெற்றோர் சுற்றறிக்கை, விடுமுறை அறிவிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டெம்ப்ளேட் செய்தார். டெம்ப்ளேட் என்றால் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிற அச்சு. எல்லாவற்றையும் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் வைத்தார். அதன்பின் மேக்ரோ எழுதினார். சந்தைக்குப் போய்வந்து பழகின வண்டிமாடு, வண்டிக்காரன் தூங்கிவிட்டாலும் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் அல்லவா, மேக்ரோவும் அந்த மாதிரிதான். வேலையை ஒரு தடவை அதற்குப் பழக்கிவிட்டால் பிறகு பொத்தானை அமுக்கினால் போதும். எந்த ஊரில் யார் கடிதம் அடிக்க உட்கார்ந்தாலும், அது இங்கே வந்து புது அச்சு இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளும். மாணவர் பேரும் வகுப்பும் கேட்டு அந்தந்த இடத்தில் நிரப்பும். தாளாளர் பேரை யாரும் அடிக்கவே வேண்டாம், அது ஒரே ஒரு இடத்திலிருந்து வரும். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் திருத்த எண் விழும். யாரும் வேறெங்கும் கை வைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று மற்ற இடங்களையெல்லாம் பூட்டிவிட்டார்.

சங்கரன்கோவிலில் முதல் வாரத்திலேயே சரியாகிவிட்டது. நான் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்குவேன், கடிதம் வந்து நிற்கும். வாசுதேவநல்லூரில் கொஞ்சம் இழுபறி. மேக்ரோ இருக்கிற அச்சைத் திறந்தால் மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்து, இதை அனுமதிக்கலாமா என்று கேட்கும். கம்ப்யூட்டரில் எது கேட்டாலும் அமுக்காதே என்று வீட்டுக்காரர் சுகிர்தாவிடம் சொல்லி வைத்திருந்தார். அவள் மஞ்சள் பட்டையைக் கண்டதும் கம்ப்யூட்டரையே அணைத்துவிடுவாள். சிஹாபுதீன் நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். கண்ணைத் திறந்தபோது அழைப்புக் கடிதம் ஒன்று ஞானபாக்கியம் அம்மாவின் பேரோடு நின்றது. அன்றிலிருந்து அவளுக்குச் சிஹாப் சார் என்றால் ஒரே மரியாதை.

திருவேங்கடம்தான் மசியவில்லை. அங்கே எழுத்தர் ஆறுமுகச்சாமி அண்ணாச்சி, பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர். போனில் கேட்டால், "ஆமா சார், நல்லாருக்கு சார்" என்பார். வருகிற கடிதங்களோ பழைய அச்சில்தான் இருக்கும். அடியில் திருத்த எண் இருக்காது. சிஹாபுதீன் தம்மாம் வழக்கப்படி அவற்றைத் திருப்பி அனுப்பினார். அண்ணாச்சி இன்னும் பணிவாக ஒரு குறிப்பு வைத்து, அதே பழைய அச்சில் மறுபடி அனுப்பினார். பிடிவாதக்காரர் என்று நான் நினைத்தேன், வாய்விட்டும் சொன்னேன். மே மாதம் பாதி போய்விட்டது. அம்மா ஒருநாள், திருவேங்கடம் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டார். சிஹாபுதீனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிபன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

மறுநாள் நேரிலேயே போய்ப் பார்ப்பது என்று கிளம்பினார். அம்மா என்னையும் கூட அனுப்பினார். எதற்கு என்று சொல்லவில்லை, சண்டை வந்தால் விலக்கிவிடத்தான் என்று நினைக்கிறேன். கரிசல் காட்டு வெயிலில் டவுன் பஸ் குலுங்கிக்கொண்டு போனது. வழியெல்லாம் அவர், டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தாவிட்டால் பழைய கோப்புகளைத் திறக்கவே முடியாதபடி ஒரு மேக்ரோ போட்டுவிடலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஆறுமுகச்சாமி அண்ணாச்சி எங்களைக் கண்டதும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். வெயிலை விசாரித்தார், அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அந்த நேரம் ஒரு பெண்பிள்ளையும் தகப்பனும் வந்து, விடுதியில் சேர அவசரமாக நன்னடத்தைச் சான்று வேண்டும் என்று நின்றார்கள். தட்டிக்கழிக்க முடியாது. அண்ணாச்சி உட்கார்ந்தார்.

புது அச்சைத்தான் திறந்தார். மஞ்சள் பட்டையைப் பயப்படாமல் அமுக்கினார். மவுஸை மெல்ல நகர்த்தித் தாளின் உச்சிக்குக் கொண்டுபோய் அங்கே தட்டினார். பூட்டியிருந்தது. இன்னொரு தடவை தட்டினார். எங்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். அவர் கை விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு அதை மூடிவிட்டு ஒரு பழைய கடிதத்தைத் திறந்தார். தாளின் உச்சியில் ஒரு 'உ' அடித்தார். அதன்பின் விரல்கள் ஓட ஆரம்பித்தன. பேர், வகுப்பு, தேதி எல்லாம் கடகடவென்று மாறின. எல்லாம் முடிந்ததும் மேலே போய் அந்த 'உ'வை மட்டும் அழித்தார். பிரிண்ட் கொடுத்தார்.

தகப்பனும் மகளும் தாளோடு கிளம்பினார்கள். சிஹாபுதீன் நாற்காலியை அண்ணாச்சி பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த 'உ' எதற்கு அண்ணாச்சி என்று மெல்லக் கேட்டார். அண்ணாச்சிக்கு முகம் வெளிறிவிட்டது.

"பிள்ளையார் சுழி சார். அது போடாம எனக்குக் கை ஓடாது. அம்மா பள்ளிக்கூடத்துத் தாள்ல அது நிக்கப்படாதுன்னு எனக்குத் தெரியும்லா, அதாம் கடைசில அழிச்சிருவேன். நீங்க மேல பூட்டிட்டீங்க. உங்ககிட்ட இதை என்னன்னு சொல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டு கலரைக் குடித்தேன். சிஹாபுதீன் திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினார்.

"நானும் பிஸ்மி சொல்லாம ஒரு மேக்ரோவும் எழுத மாட்டேன் அண்ணாச்சி. நான் வாயால சொல்லுதேன், நீங்க கையால சொல்லுதீங்க. வாய்க்குப் பூட்டு இல்ல, கைக்கு மட்டும் பூட்டு போட்டது என் தப்புதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கணக்கு வேறாக இருந்தது. தாளின் உச்சியில், இடது ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம். அதைப் பூட்ட வேண்டாம். யாருக்கு எதைப் போட்டால் கை ஓடுமோ அதைப் போட்டுக்கொள்ளட்டும். பிரிண்ட் கொடுக்கும்போது மேக்ரோவே அதைத் துடைத்துவிடும். மறந்துபோகும் என்ற பயமும் வேண்டாம். இரண்டு நாளில் எழுதி முடித்து எனக்குக் காட்டினார். நான் அந்தக் கட்டத்தில் 'ஸ்தோத்திரம்' என்று அடித்துப் பிரிண்ட் கொடுத்தேன். தாளில் ஒன்றும் இல்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் புதிதாக ஒரு சிக்கல் முளைத்தது. அச்சில் ஒரு திருத்தம் செய்தால் அதற்குக் காரணம் எழுதி அம்மாவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். இது சிஹாபுதீன் அவரே கொண்டுவந்த சட்டம். அண்ணாச்சி போனில் கெஞ்சினார். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் சார், கடைசிக் காலத்தில் எனக்குப் பேர் கெட்டுவிடும் என்றார். சொல்லாமலே சேர்த்துவிடுங்கள், அத்தனை சின்னக் கட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் சொன்னேன். சிஹாபுதீன் ஒப்பவில்லை. அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் திருவேங்கடமும் வராது, ஜூனும் வந்துவிடும், அந்தப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அது தெரிந்தும், ஒளித்துவைத்து ஒரு தாளை ஓட்ட மாட்டேன் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலுக்குள்ளேயே அவர்மேல் ஒரு மதிப்பும் வந்தது.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, அம்மாவிடம் தாளைக் காட்டுகிற நாளன்று, ஆறுமுகச்சாமி அண்ணாச்சி தானாகவே முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். தேய்த்த வெள்ளைச் சட்டை. கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார், முகம் மட்டும் அப்படி இல்லை. மூன்று பேரும் அம்மா முன்னால் நின்றோம். சிஹாபுதீன் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லி, தாளைக் காட்டினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தைப் பார்த்தார். அப்புறம் அண்ணாச்சியைப் பார்த்தார்.

"இத்தனை வருசத்துல ஒருநாள்கூட அழிக்க மறக்கலியா, ஆறுமுகச்சாமி?"

மறந்ததே இல்லை என்று அண்ணாச்சி அடித்துச் சொன்னார். அம்மா மேஜையிலிருந்த காய்ந்த ஒயிட்னர் குப்பியைக் கையில் எடுத்தார். அந்தப் பொருட்களில் ஒன்றை அவர் எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நெறைய நாள் மறந்திருக்கீங்க. இது பின்ன எதுக்கு? கையெழுத்துப் போடுததுக்கு முன்னால ஐயா இதை எடுத்து, உங்க சுழி மேல ஒரு பொட்டு வைப்பாரு. அண்ணாச்சி மனசு சங்கடப்படக் கூடாது, நீயும் கேட்டுக்கிடாதன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தாரு."

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எல்லாத் தாளிலிருந்தும் ஐயாவின் பேரை எடுக்கத்தான் இந்த ஏற்பாடெல்லாம் செய்தோம். கடைசியில் ஐயா செய்துவந்த ஒரு வேலை எங்களுக்கே தெரியாமல் அந்தத் தாளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அம்மா குப்பியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, இந்தத் திருத்தத்துக்கு என்ன எழுத்துப் போட்டிருக்கிறது என்று சிஹாபுதீனிடம் கேட்டார். சி என்றார் அவர்.

"சி வேண்டாம். பூஜ்யம் போட்டுருங்க."

அந்தப் பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்த சிஹாபுதீன், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்று இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். மறுநாள் மத்தியானம் திருவேங்கடத்திலிருந்து வந்த முதல் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் திருத்த எண் இருந்தது. தம்மாமுக்கு அவர் பதில் எழுதியதும் அன்றைக்குத்தான்.

பள்ளி திறந்த அதே வாரத்தில் பக்ரீத் வந்தது. ரூபியா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். ஃபஹீமா பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். சிஹாபுதீன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் புத்தகத்துக்கு எந்த இடத்தில் சீட்டு ஒட்ட வேண்டும் என்று அவளிடம் விதி பேசிக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை, அவரும் விடவில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள ரூபியா ஏதோ அரைக்க ஆரம்பித்துவிட்டு, வத்தல் தீர்ந்துபோச்சு, இருங்க அக்கா எடுத்துட்டு வாரேன் என்று உள் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பெரிய பெட்டியை இழுத்தாள். ஏர்போர்ட் வாரைக் காணோம். பெட்டியைத் திறந்ததும் காரம் மூக்கில் ஏறி இருவரும் தும்மினோம். வருஷத்துக்கு வேண்டிய மிளகாய் வத்தல், பெட்டி கொள்ளாமல் சிவப்பாகக் கிடந்தது. இனி எத்தனை தடவை கழுவினாலும் இந்தப் பெட்டிக்குள் யாரும் ஒரு சட்டையை மடித்து வைக்க முடியாது.

மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவருடைய கையெழுத்துத்தான். 'மிளகாய் வத்தல். திருத்தம் 0.'

ரூபியா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"பூஜ்யம் விழுந்துட்டுன்னா அப்புறம் கை வைக்கப்படாதாம்லா, அக்கா."